கூரை கேள்வி–பதில்: சொட்டுக்கு நேர் மேலே தேடாதீர்கள்

கேள்வி: எங்களுடையது ஓட்டு வீடு. மழை பெய்தால் கட்டிலுக்கு நேர் மேலே சொட்டுகிறது. மூன்று முறை ஆள் வைத்து அந்த இடத்து ஓடுகளில் சிமெண்ட் பூசினோம். ஒரு மழைக்கு நின்றது. அடுத்த மழைக்கு இரண்டு இடங்களில் ஒழுகுகிறது. எல்லா ஓடுகளையும் பிரித்துப் புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: அம்மா, மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முப்பத்தெட்டு ஆண்டுகளாக ஓடு மாற்றும் வேலை செய்கிறேன். மொத்தமாகப் பிரித்தே தீரவேண்டும் என்ற நிலையில் இருந்த கூரைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலும் ஐந்தாறு ஓடுகளோடு வேலை முடிந்துவிடும். அந்த ஐந்தாறு எவை என்று கண்டுபிடிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

தண்ணீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேலே ஏதோ ஓர் ஓட்டின் விரிசலில் நுழைந்த நீர், ஓட்டின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே இறங்கும். ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரைத் தொட்டதும் அதன்மேல் பரவும். பிறகு ரீப்பருக்கு அடியில் சரிவாக இறங்கும் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு சரிவிலேயே ஓடி, ஏதாவது ஓர் ஆணித்தலையோ மரத்தின் முடிச்சோ வழிமறிக்கும்போதுதான் கீழே விழும். ஒரு வீட்டில் அடுப்படி மூலையில் சொட்டியதற்குக் காரணம், அங்கிருந்து பத்தடி மேலே, முகட்டை மூடும் மோட்டு ஓட்டுக்கு அடியில் நகக்கண் அளவுக்கு மூளியாகியிருந்த ஓர் ஓடு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மாற்றுவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உங்கள் வீட்டிலும் மூன்று முறை பூசியது தவறான இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

மேலே ஏறாமலே நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. நல்ல வெயில் நேரத்தில், உச்சிப் பொழுதில், விளக்கை அணைத்து ஜன்னல்களை மூடிவிட்டு அறைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் கொடுங்கள். விரிசலும் விலகலும் ஒளிப்புள்ளிகளாகவும் கீற்றுகளாகவும் தெரியும். எல்லா ஒளியும் ஓட்டை அல்ல. ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் மெல்லிய வெளிச்சம் வருவது இயல்பு. ஓட்டின் நடு உடம்பில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் அதைச் சுண்ணக்கட்டியால் ரீப்பரில் குறித்துவையுங்கள். சொட்டும் இடத்திலிருந்து முகடு வரைக்கும் அந்த வரிசையையும், அதன் இருபுறமும் இரண்டு வரிசைகளையும் பார்த்தால் போதும்.

அப்படியே மரத்தையும் பாருங்கள். கைமரத்தில் கறுத்த கோடு ஓடுகிறதா? அதுதான் தண்ணீர் வந்த தடம். தடம் எங்கே தொடங்குகிறதோ, அதற்குச் சற்று மேலேதான் குற்றவாளி இருக்கும். ஓட்டின் அடிப்புறத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், அந்த ஓடு நீரை உறிஞ்சி உள்பக்கம் விடுகிறது என்று பொருள். ஈரம் உலரும்போது உப்பு வெளியே வந்து தங்குகிறது. பொடி மட்டும் என்றால் அஞ்ச வேண்டாம். விரலால் தேய்த்தால் ஓடே செதில் செதிலாக உதிர்ந்தால் மாற்றத்தான் வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்க நல்ல நேரம், மழை விட்டு வெயில் ஏறி ஓடுகள் உலர்ந்துகொண்டிருக்கும் அரைமணி. ஓட்டின் முகம் உலர்ந்துவிடும். விரிசலுக்குள் நின்ற நீர் உலராது. மயிரிழை விரிசல்கூடக் கறுப்புக் கோடாகத் தெரியும். அடுத்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலே போதும். கையில் எடுத்த ஓடு என்றால் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்ட ஓடு, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், பொத்தென்று செத்த சத்தம் தரும். இதை எனக்குக் கற்றுத்தந்தவர் என் தகப்பனார். ஓட்டைக் கையில் வாங்கியதும் தட்டாமல் அடுக்கினால் அவருக்குக் கோபம் வரும்.

உடையாத ஓடும் ஒழுகும், அம்மா. ஓட்டின் பக்கவாட்டில் வாய்க்கால் போலப் பள்ளங்கள் இருக்கின்றனவே, பக்கத்து ஓட்டோடு கோத்துக்கொள்ளும் இடம், அதில் சருகும் தூசியும் பாசியும் அடைத்துக்கொண்டால் நீர் ததும்பி உள்ளே விழும். துடைத்தால் போதும், மாற்ற வேண்டாம். இன்னொன்று: ரீப்பர் இற்றுப்போனாலோ, ரீப்பரில் மாட்டுவதற்காக ஓட்டின் அடியில் இருக்கும் மேடு உடைந்தாலோ, ஓடு இரண்டு விரற்கடை கீழே சரியும். பார்வைக்கு முழு ஓடு, வேலைக்கு ஆகாது. ரீப்பர் கெட்டிருந்தால் புது ஓடு போட்டாலும் அதுவும் சரியும். முதலில் மரம், பிறகு ஓடு. இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில் போட்டிருக்கும் தகடு துருப்பிடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக் கூரையின் நீர் அந்த வழியாகத்தான் இறங்குகிறது.

இனி அந்த சிமெண்ட். இதைச் சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஓடு வெயிலில் விரியும், மழையில் சுருங்கும். ரீப்பரில் தொங்குகிற பொருள்; காற்றுக்குக் கொஞ்சம் அசையவும் செய்யும். சிமெண்ட் அசையாது. ஒரே பருவத்தில் பூச்சுக்கும் ஓட்டுக்கும் இடையே மயிரிழை பிளவு விடும். அந்தப் பிளவு தண்ணீரை இழுத்துப் பிடித்துவைத்துக்கொண்டு வெயிலிலும் உலரவிடாமல் ரீப்பரை இற்றுப்போகச் செய்யும். பூச்சு, நீர் இறங்கவேண்டிய பள்ளத்தையும் அடைத்துவிடுவதால் நீர் பக்கத்து ஓட்டுக்குத் திரும்புகிறது. உங்களுக்கு இரண்டு இடமாக ஒழுகத் தொடங்கியது இதனால்தான் இருக்கும். கடைசியில் ஒரு கெட்ட ஓட்டை எடுக்கப் போனால், சிமெண்டால் ஒட்டிக்கொண்ட நாலு நல்ல ஓடுகளும் சேர்ந்து உடைகின்றன. மோட்டு ஓடுகளை உட்காரவைக்கச் சாந்து வேண்டும், அது வேறு. ஓட்டின் உடம்பில் சிமெண்ட் வேண்டவே வேண்டாம்.

மாற்றுவது எளிது. கெட்ட ஓட்டுக்கு மேல் வரிசையில் உள்ள இரண்டு ஓடுகளை மெல்லத் தூக்கி அடியில் மரச்சக்கை கொடுத்து நிறுத்துவோம். கெட்டதை ரீப்பரிலிருந்து மேல்நோக்கி விடுவித்து உருவி எடுப்போம். புதியதை அதே வழியில் ஏற்றி, ரீப்பரில் மாட்டி, பக்கப் பள்ளம் கோத்துவிட்டதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சக்கையை எடுப்போம். கவனிக்க வேண்டியது ஒன்று: எல்லா ஓடும் ஒரே அச்சு அல்ல. அரை விரற்கடை அளவு மாறினாலும் கோத்துக்கொள்ளாது. உடைந்த ஓட்டைக் கையோடு எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். பத்து ஓடு கூடுதலாக வாங்கிவையுங்கள். சரியான ஓடு கிடைக்கும்வரை, விரிசல் ஓட்டுக்கு அடியில் ஒரு அலுமினியத் தகட்டைச் செருகி, அதன் மேல்முனையை ரீப்பரில் கொக்கிபோல் மடித்து, கீழ்முனை கீழ் ஓட்டின் முதுகின்மேல் வருமாறு விடலாம். ஒரு மழைக்காலம் தாங்கும்.

வேலை முடிந்ததும் மழைக்குக் காத்திருக்காதீர்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்க, இன்னொருவர் ஹோஸ் குழாயால் நீர் விடட்டும். கீழ் வரிசையில் தொடங்கிப் படிப்படியாக மேலே போகவேண்டும், ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது. மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து எந்த இடம் என்று தெரியாமல் போகும்.

மகனை மட்டும் மேலே ஏற்றாதீர்கள். இருபத்தாறு வயதில், பாசி பிடித்த ஓட்டில் காலையிலேயே ஏறி நான் விழுந்தேன். மூன்று மாதம் படுக்கை. இன்றும் இடது தோள் முழுதாகத் தூக்க வராது. ஈர ஓட்டில் அனுபவசாலிக்கும் பிடிமானம் இல்லை. வேலையாள் வந்தால் முகட்டில் கொக்கி போட்ட ஏணி கொண்டுவருகிறாரா என்று பாருங்கள். ஓட்டின் நடுவில் மிதிக்காமல், கீழ் ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் முன்விளிம்பில் கால் வைப்பவர்தான் வேலை தெரிந்தவர்.

கேள்வி: ஓடுகளுக்கு மேல் பெயிண்ட் அடித்தால் ஒழுகல் நிற்குமா?
– கல்லூரி மாணவர்

பதில்: நிற்காது, தம்பி. பெயிண்ட் விரிசலைத் தாண்டிப் பாலம் போடாது. ஓடு அடிப்பக்கமாகவும் ஈரத்தை இழுக்கும். மேல்பக்கம் மூச்சு விடாத பூச்சு இருந்தால் அந்த ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சையும் ஓட்டின் தோலையும் சேர்த்து உரித்துவிடும். அந்தப் பணத்துக்கு நல்ல ஓடு வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் குடிவந்த வீட்டின் கூரை தார் பூசிய ஷிங்கிள் அட்டைகளால் ஆனது. சமீபத்துப் புயலுக்குப் பிறகு கீழே கறுப்பு மணல் கொட்டிக்கிடக்கிறது. வீடு தேடி வந்த ஒருவர், "கூரை முழுதும் போய்விட்டது, இன்றே கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார். நம்பலாமா?
– வாசகர்

பதில்: கையெழுத்தை நிறுத்திவையுங்கள், ஐயா. உண்மையிலேயே கெட்டுப்போன கூரை நாளைக்கும் கெட்டுத்தான் இருக்கும்.

அந்த மணல்தான் ஷிங்கிளின் தோல். உள்ளே இருக்கும் தாரை வெயிலின் புற ஊதாக் கதிர்களிடமிருந்து காப்பது அதுதான். கூரை புதிதென்றால் முதல் சில மாதங்கள் கொஞ்சம் உதிரும். அது ஒட்டாமல் மிஞ்சிய மணல். பதினைந்து, இருபது ஆண்டு ஆன கூரையில் கைநிறைய விழுந்து, மேலே வழுக்கைத் திட்டுகள் தெரிந்தால் கூரைக்கு வயதாகிவிட்டது. ஒரு பைனாகுலர் வைத்துத் தரையிலிருந்தே பாருங்கள். விளிம்புகள் சுருண்டிருக்கின்றனவா, நடுவில் உப்பியிருக்கின்றனவா, வரிசையில் பல் விழுந்தது போல் இடைவெளி உண்டா? எல்லாச் சரிவிலும் அப்படி என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒரே சரிவில், ஒரு மூலையில் மட்டும் என்றால் அது காற்றின் வேலை, பழுதுபார்த்தால் போதும்.

காற்று செய்யும் இன்னொரு கெடுதல் கீழிருந்து தெரியாது. ஒவ்வொரு ஷிங்கிளும் அடியில் இருக்கும் பசைப்பட்டையால் கீழ் வரிசையோடு ஒட்டியிருக்கும். காற்று அதைப் பிரித்துவிட்டால் அட்டை தன் இடத்திலேயே படுத்திருக்கும், அடுத்த புயலில் பறக்கும். விவரம் தெரிந்தவர் மேலே போய் விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்துச் சொல்லவேண்டும். பிரிந்திருந்தால் அடியில் கூரைப் பசை வைத்து அழுத்தினாலே சரியாகிவிடும். ஒன்றிரண்டு கிழிந்திருந்தால், மேல் வரிசையின் ஒட்டை விடுவித்து, ஆணிகளைக் கழற்றி, பழையதை உருவிப் புதியதைச் செருகலாம். கடுங்குளிரில் இந்த வேலை வேண்டாம், அட்டை முறியும். கொதிக்கும் வெயிலிலும் வேண்டாம், மிதித்த இடமெல்லாம் மணல் பெயரும்.

ஒழுகல் இருந்தால் ஷிங்கிளுக்கு முன்னால், கூரையைத் துளைத்து வெளியே வரும் குழாய்களைப் பாருங்கள். அவற்றைச் சுற்றியுள்ள ரப்பர் கழுத்து, ஷிங்கிளுக்கு வெகுகாலம் முன்பே வெடித்துவிடும். புகைபோக்கியையும் சுவரையும் கூரை தொடும் இடங்களில் உள்ள தகடும் அப்படித்தான். வந்தவர் சொன்ன பழுதுகளை, எந்தச் சரிவில், எத்தனை என்று அவரையே படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இருவரிடம் கேளுங்கள். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் எதையும் மாற்றுவதற்கு முன் நீங்களும் படங்கள் எடுத்துத் தேதியோடு வைத்திருங்கள்.

கேள்வி: பின்கட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் விரிசல் விட்டிருக்கிறது. நாங்களே உடைத்து அப்புறப்படுத்திவிடலாமா?
– இல்லத்தரசி

பதில்: உடைக்காதீர்கள், அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன். அதன் தூசியில் உள்ள நார் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் எளிதில் வெளியே வராது. நோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. துளைபோடுவதும், கம்பி பிரஷால் பாசி தேய்ப்பதும் கூடாது. இதற்கென்று பயிற்சி உள்ளவர்களை அழையுங்கள். அவர்கள் ஷீட்டை நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுதாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப்போவார்கள். அவர்கள் வரும்வரை அந்த ஷீட்டின் கீழ் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். விழுந்து கிடக்கும் துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் ஒற்றி எடுத்துத் துணியோடு கட்டிவையுங்கள்.