வாங்குமுன் கேளுங்கள்: குறி தப்பாத துப்பாக்கி

அண்ணாச்சி, வயலில் மான் மேய்கிறது. சுடுவதற்கு நல்ல ஏர்கன் எது?
– களக்காடு வாசகர்

எதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி உள்ளே போவீர்கள். பயிர்ச் சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அங்கே மான் வேட்டைக்குப் போக, குறி தப்பாத ரைஃபிள் எது என்று கேட்கிறான்.
– பாளையங்கோட்டை வாசகர்

வேலை விசாவில் இருந்தால், வேட்டை லைசென்ஸ் இல்லாமல் அங்கே துப்பாக்கி வாங்கக்கூடாது. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரைஃபிளுக்குப் பெரிய பெயரைத் தேடி அலைய வேண்டாம். இப்போது வரும் சாதாரண, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்துப் போடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளே 100 கஜத்தில் ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் அடிக்கும். மானுக்கு அது தாராளம். தோட்டா அளவு .243 அல்லது .308 போதும்.

என் வயிற்றெரிச்சல் ஸ்கோப்பில்தான், அதாவது மேலே பொருத்திக் குறி பார்க்கும் தொலைநோக்கியில். துப்பாக்கிக்கு எண்ணூறு டாலர் கொடுப்பவர் ஸ்கோப்புக்கு ஐம்பதுடன் நிறுத்திக்கொள்கிறார். அதைப் பிடிக்கும் வளையத்தின் திருகு இறுகியிருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. கடைக்காரர் "போர்சைட் பண்ணியாச்சு" என்பார். ஸ்கோப்பைக் குழலோடு தோராயமாக நேர்ப்படுத்துவதுதான் அது; குண்டு இலக்குத் தாளில் எங்காவது படுவதற்குத்தான் உதவும். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவைப் போட்டு, 25 கஜத்தில் தொடங்கி 100 கஜத்தில் முடிக்க வேண்டும். மூன்று குண்டு சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்து, அப்புறம்தான் ஸ்கோப்பின் குறி திருத்தும் குமிழைத் திருக வேண்டும். பெரும்பாலான ஸ்கோப்பில் குமிழின் ஒரு கிளிக் என்றால் 100 கஜத்தில் கால் அங்குலம். குண்டுக்குக் குண்டு திருகுகிறவர் தோட்டா டப்பாவைக் காலி செய்துவிட்டுத் துப்பாக்கியைத் திட்டுவார். தோட்டா பிராண்டை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து.

.22 ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?
– அம்பாசமுத்திரம் வாசகர்

வேண்டும். குழல் விட்டம் .177 அங்குலமே ஆனாலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினால் வேண்டும்.

இலக்குப் பயிற்சிக்கு ஸ்பிரிங் ஏர் ரைஃபிளும் ஸ்கோப்பும் வாங்கினேன். ஒரே வாரத்தில் ஸ்கோப்புக்குள் கூட்டல்குறி ஆடுகிறது. கடைக்காரர் "உங்க கைதான் நடுங்குது" என்கிறார்.
– வள்ளியூர் வாசகர்

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, தம்பி. ஸ்பிரிங் ரைஃபிள் பின்பக்கமும் உதைக்கும், முன்பக்கமும் உதைக்கும். அதைத் தாங்காத ஸ்கோப் உள்ளே உடைந்துவிடும். இது தெரியாமலா அவர் கடை வைத்திருக்கிறார்? பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் போடுங்கள். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. கூந்தன்குளத்தில் பறவை பார்க்க நானும் "60×60" என்று அச்சடித்த பைனாகுலர் ஒன்று வாங்கினேன். ஒரு நாரை இரண்டாகத் தெரிந்தது. பில் இருந்ததால் பணம் திரும்பியது.

ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று பில் இல்லாமல் ஏர் ரைஃபிள் வாங்கினேன், சுட்டும் பார்க்கவில்லை. இப்போது குண்டு பத்தடி கூடப் போகவில்லை.
– தென்காசி வாசகர்

மிச்சம் பிடித்த ஜிஎஸ்டியில் ரிப்பேர் பார்த்துக்கொள்ளுங்கள்.