தொட்டிக் கற்றாழையின் இலைகள் ஏன் குழைந்து அழுகுகின்றன?

தினமும் தண்ணீர் ஊற்றியும் சோற்றுக்கற்றாழை அழுகுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் ஊற்றுவதுதான் காரணம். கற்றாழை தன் சதைப்பற்றான இலைகளிலேயே நீரைச் சேமித்து வைக்கிறது. இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கிறது என்பதால் நீரிழப்பும் மிகக் குறைவு. ஈரம் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. பூஞ்சை பற்றி, அழுகல் அடித்தண்டுவரை ஏறும்.

செடியை இன்றே பிடுங்கிவிடுங்கள். கறுத்த வேர்களை வெட்டி, காயத்தை நிழலில் மூன்று நான்கு நாள் உலரவிடுங்கள். இதில் அவசரமே கூடாது. பிறகு செம்மண்ணோடு சரிபாதி பெருமணல் கலந்து, அடியில் துளையுள்ள மண்தொட்டியில் நடுங்கள். மண்தொட்டியைத்தான் நான் வலியுறுத்துவேன், அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர். அதன்பின் இரண்டு அங்குல ஆழம் விரலை நுழைத்துப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.