கடைசித் தளம்: இரவிலும் ஏன் தகிக்கிறது?

கேள்வி: சென்னையில் நான்கு மாடி அடுக்ககத்தின் கடைசித் தளத்தில் குடியிருக்கிறோம். இரவு பத்து மணிக்கும் கூரையிலிருந்து அனல் இறங்குகிறது. ஃபால்ஸ் சீலிங் போடலாமா, மொட்டைமாடியில் வெள்ளை அடிக்கலாமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: முதலில் வெள்ளைப் பூச்சு. கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியில்தான் கீழே கக்கும். ஃபால்ஸ் சீலிங் அதைக் கொஞ்சம் மறைக்கும். தளம் சூடாவதை நிறுத்தாது.

சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பர் மழைக்குத் தாங்காது. மாடிக்கென்றே வரும், வெயிலைத் திருப்பிவிடும் ‘கூல் ரூஃப்’ வெள்ளைப் பூச்சை வாங்குங்கள். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவிடுங்கள். விரிசல்களை ‘வி’ வடிவில் கீறி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். பிறகு பிரைமர், அதன்மேல் இரண்டு கோட், இரண்டாவது முதலாவதற்குக் குறுக்காக.

பெரும்பாலும் கெடுவது அவசரத்தால்தான். ஈரத் தளத்தில் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சைத் தள்ளும். கொப்புளித்து அப்பளமாக உரியும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால், தண்ணீர் வடியும் வாட்டத்தைச் சரிசெய்த பிறகே பெயின்ட். தூசி படிந்தால் வெயிலைத் திருப்பும் திறன் குறையும்; ஆண்டுதோறும் பிப்ரவரியில் கழுவிவிடுங்கள்.

மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போட்டால், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகல்லவா தடுக்கிறோம்!

மொட்டைமாடி பொது இடம் என்பதால், வேலைக்கு முன் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.