9 மீட்டரும் ‘கண்டவர்களும்’

கேள்வி: மதுரை தெற்கு மாரட் வீதியில் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் எண்ணெய்க் கிட்டங்கி ஒன்றை இடித்துவிட்டு, ஐந்து மாடியில் 42 வீடுகளோடு அபார்ட்மென்ட் கட்டப் போகிறார்களாம். ‘நாயக்கர் காலத்துத் தெருவின் பழமையே போய்விடும், கண்டவர்களும் குடிவருவார்கள்’ என்று தெருவில் ஒரு பாதி எதிர்த்து மனுப் போட்டிருக்கிறது. ‘நம் இடத்துக்கும் விலை ஏறும்’ என்று மறுபாதி வரவேற்கிறது. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பேசிப் பார்த்தோம், நாற்காலி பறந்ததுதான் மிச்சம். ஆசிரியர் எந்தப் பக்கம்?
— தெற்கு மாரட் வீதி வாசகர் ஒருவர்

பதில்: நாற்காலி பறக்காத பக்கம் ஏதாவது இருந்தால் அங்கே.

நாயக்கர் வம்சத்தில் மாரட் என்று யாரும் கிடையாது, ஐயா. அவர் வெள்ளைக்கார சர்வேயர். 1840களை ஒட்டி கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது அளவு வேலை பார்த்தவர். ஆட்களை மேய்த்தவர் பெருமாள் மேஸ்திரி; அவர் பெயரிலும் பக்கத்திலேயே தெரு இருக்கிறது. சுவரை இடித்து அகழியை மேடாக்குகிறவருக்கே அந்த இடம் என்றதும் ஜனங்கள் கடப்பாரையும் கையுமாக வந்து சேர்ந்தார்கள். ஆக, நீங்கள் காப்பாற்றத் துடிக்கும் தெருவே பழமையை இடித்ததில் கிடைத்த தெரு. கோட்டை போகிறதே என்று அன்றைக்கும் நாலு பேர் புலம்பியிருப்பார்கள். ஆனால் பிளாக்பர்ன் துரைக்கு நன்றி சொல்லி ஊரார் நட்ட விளக்குத்தூண் மட்டும் இன்றும் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்றுதான் நாம் ஜிகர்தண்டா குடிக்கிறோம்.

அதற்காக ஐந்து மாடிக்குக் கைதட்டச் சொல்லவில்லை. மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று 1997லேயே அரசாணை போட்டார்கள். அடிக்கணக்கில் முப்பதுக்கும் கொஞ்சம் குறைவு. கீழே கார் நிறுத்த இடம் விட்டால் மேலே இரண்டு மாடி எழும்பும், அவ்வளவுதான். உங்கள் தெருவிலிருந்து கோயில் நடக்கிற தூரம். அப்படியிருக்க ஐந்து மாடி எங்கிருந்து வந்தது? மண்டபத்தில் நாற்காலியைத் தூக்கியவர்களில் ஒருவராவது இதைக் கேட்டாரா? அரசாணைக்குப் பிறகும் கட்டிடங்கள் எப்படி வளர்ந்தன என்பதற்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குகளே சாட்சி. சந்தேகம் இருந்தால் மொட்டை மாடிக்குப் போய், தெற்குக் கோபுரத்தைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்கும் லாட்ஜ்களின் தண்ணீர்த் தொட்டிகளை எண்ணிப் பாருங்கள். நான்கில் உயரமான கோபுரம் அது, அதற்கே இந்தக் கதி. லாட்ஜ் வந்தபோது மனு இல்லை. தங்கம் தியேட்டர் போய்த் துணிக்கடை வந்தபோதும் யாரும் கூட்டம் போட்டதாகத் தெரியவில்லை. வீடு என்றதும் பழமை நினைவுக்கு வந்துவிட்டது.

அதனால்தான் எனக்கு அந்தக் ‘கண்டவர்கள்’ மேல் கண். கறி சமைப்பவரா? வேறு சாதியா? வேறு மதமா? தனியாக வாடகைக்கு வரும் பெண்ணா? மனுவில் இதை விளக்கியிருக்க மாட்டீர்கள், எழுத்தில் போட வெட்கமாக இருக்கும். கடை வாசலில் வந்து நின்றால் அதே ஆளுக்கு ‘வாங்கண்ணே, உள்ள வாங்க’. மாடியில் குடிவந்தால் கண்டவர். நல்ல நியாயம்!

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். வடக்கு மாசி வீதிப் பக்கம் எங்கள் தாத்தா வீடு இருக்கிறது. திண்ணையை உடைத்து ஷட்டர் போட்டாயிற்று. பட்டாசாலையில் பிளாஸ்டிக் குடம் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறது. நாங்கள் அண்ணா நகர், கே.கே. நகர் என்று ஆற்றைத் தாண்டிப் போய்விட்டோம், மாதம் பிறந்தால் வாடகை மட்டும் வருகிறது. அந்தப் பகுதியில் பால் பாக்கெட் போடும் பெரியவரைப் போன மாதம் பார்த்தேன். முன்பெல்லாம் ஒரு தெருவுக்கே ரெண்டு டிரே இறக்குவாராம். இப்போது ஹேண்டில்பாரில் மாட்டிய பையோடு நாலு தெருவை முடித்துவிடுகிறார். அதிலும் பாதி டீக்கடைக்கு. தூங்கா நகரம் என்று பெருமை பேசுகிறோம். மாசி வீதிகளுக்குள் இப்போது தூங்குவதற்கே ஆள் இல்லை, காவல்காரர்களைத் தவிர. அங்கே இரண்டு மாடியில் பதினைந்து குடும்பம் வந்து கோலம் போட்டால் பழமைக்கு என்ன கெடுதல் என்று எனக்குப் புரியவில்லை.

கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. 42 வீட்டுக் கழிவு எந்தக் குழாயில் போய்ச் சேரும்? கூடல் அழகரோடு சேர்த்துப் புராணம் பேசும் கிருதுமால் நதி இன்று எப்படி ஓடுகிறது என்று மூக்கு உள்ளவர்களுக்குத் தெரியும். கார் எங்கே நிற்கும்? ஒரு குட்டியானை சரக்கு இறக்க நின்றாலே உங்கள் தெரு முழுக்க ஹாரன். தேரோட்டத்தன்று தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எந்த வழியாக வரும்? கட்டுகிறவரை உட்கார வைத்து இதையெல்லாம் கேட்டீர்களா? எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்பதென்றால் ரேராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்த பிறகுதான் விளம்பரமே கொடுக்கலாம், அட்வான்ஸும் வாங்கலாம். நோட்டீஸில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சண்டையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அப்புறம், விலை ஏறும் என்கிற பாதிக்கு ஒரு வார்த்தை. ஏறும், வாடகையும் சேர்ந்துதான் ஏறும். உங்கள் மச்சில் இத்தனை வருஷமாகக் குடியிருக்கும் தையல்காரர் குடும்பம் அதை எப்படிக் கட்டும் என்று யோசித்தீர்களா? மண்டபத்துக்கு அவரை யாராவது கூப்பிட்டீர்களா?

எந்தப் பக்கம் என்றீர்கள். ஐந்து மாடியை நானும் எதிர்க்கிறேன். 9 மீட்டருக்குள், குழாய்க்கும் காருக்கும் பதில் சொல்லிவிட்டுக் கட்டினால், கண்டவர்கள் தாராளமாக வரட்டும். ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் தெரு மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் ராத்திரி அந்தத் தெருவில் படுக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.