விமான எஞ்சின் எரியறையில் மாசைக் குறைக்க என்ன செய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் ஓசூர்க்காரர். பெங்களூருக்கு இறங்கும் விமானங்களில் இப்போது கரும்புகையே தெரிவதில்லையே, மாசு தீர்ந்துவிட்டதா என்கிறார். தீரவில்லை. கண்ணில் பட்டது குறைந்தது. படாத நைட்ரஜன் ஆக்சைடு (நாக்ஸ்) தான் இன்றைய தலைவலி.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் பாய்லர் பார்ப்பவரைக் கேளுங்கள்: கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, டேம்பரை (காற்றுக் கதவை) திற என்பார். ஜெட் எஞ்சினில் அந்த வைத்தியம் அப்படியே செல்லாது. 1 கிலோ மண்ணெண்ணெய் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். சரியாக அந்த அளவை ஒட்டித்தான் சுடர் மிக அதிகமாகக் கொதிக்கும். 2000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நாக்ஸ் ஆகிவிடும். சூட்டை ரொம்பக் குறைத்தாலோ கார்பன் மோனாக்சைடும் எரியாத எரிபொருளும் வெளியே வரும்.

ஆகவே அந்த 15 மடங்கு காற்று என்ற அளவைத் தவிர்க்க இரண்டு வழி. பிராட் அண்ட் விட்னியின் டாலோன் வகை எரியறையில் முன்பகுதியில் எரிபொருள் தூக்கலாக இருக்கும். ஆக்சிஜன் போதாததால் நாக்ஸ் அதிகம் உருவாகாது. பிறகு லைனர் எனப்படும் எரியறை உட்சுவரின் துளைகள் வழியே காற்று பாய்ந்து ஒரேயடியாக நீர்த்துப் போகச் செய்யும், அதாவது காற்று மிகுந்துவிடும். சிக்கல் இந்த இடத்தில்தான். தூக்கலிலிருந்து நீர்த்த நிலைக்குப் போகிற வழியில் அந்த 15-ஐக் கடந்தே ஆக வேண்டும். கலப்பு சில மில்லிவினாடி இழுத்தாலும் நாக்ஸ் கிளம்பிவிடும். சட்டென்று ஆறவைத்தால் கார்பன் மோனாக்சைடு எரிந்து முடியாமல் அப்படியே தங்கிவிடும். துளையின் விட்டமும், காற்று எவ்வளவு ஆழம் ஊடுருவுகிறது என்பதும்தான் இதைத் தீர்மானிக்கின்றன.

மற்றது ஜிஇ-யின் (ஜெனரல் எலக்ட்ரிக்) டாப்ஸ் வகை எரியறை. ஜிஇஎன்எக்ஸ், லீப் எஞ்சின்களில் இருப்பது. எரிபொருள் தெளிப்பானைச் சுற்றியே பெரும்பகுதிக் காற்று சுழன்று உள்ளே போய், எரியும் முன்பே கலந்துவிடும். நாக்ஸும் கரியும் சேர்ந்தே குறையும். ஆனால் நீர்த்த சுடர் நிலையில்லாதது: அணைந்து போகலாம், அழுத்த அதிர்வில் லைனரே விரிசல் விடலாம். அதனால் நடுவில் பைலட் எனப்படும் சிறு துணைச் சுடர் எப்போதும் எரியும். வேகம் கூட்டும்போதுதான் மெயின் எனப்படும் முதன்மை எரிபொருள் வழி திறக்கும். மெயின் மூடியிருக்கையில் குழாயில் தங்கிய எரிபொருள் சூட்டில் கரியாகப் படிந்தால், தெளிப்பு கோணலாகி, பின்னாலுள்ள டர்பைன் இலை ஓரிடத்தில் மட்டும் வெந்துபோகும். எனக்கென்னவோ பராமரிப்பில் இதுதான் பெரிய கவலை.

எஞ்சினுக்கு அனுமதி தரும் சான்றளிப்புச் சோதனையில் ஐடில் (தரையில் மெல்ல ஓடும் நிலை) 7 சதவீத உந்துவிசையில் 26 நிமிடம், டேக்-ஆஃப் வெறும் 0.7 நிமிடம். கார்பன் மோனாக்சைடு ஐடிலில்தான் குவியும்; ஒரு எஞ்சினை அணைத்து டாக்ஸி போவது (தரையில் ஊர்வது) அதற்கும் உதவும். 2014 முதல் நடப்பிலுள்ள கேப்/8 (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் சுற்றுச்சூழல் குழு வகுத்தது) வரம்பு, அழுத்த விகிதம் (உள்ளே இழுத்த காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) 40 உள்ள பெரிய எஞ்சினுக்கு ஒரு கிலோநியூட்டன் உந்துவிசைக்குச் சுமார் 70 கிராம் நாக்ஸ். அழுத்தம் கூடினால் எரிபொருள் மிச்சம், நாக்ஸ் கூடுதல். வரம்பும் அதற்கேற்பத் தளர்கிறது.

கரியமில வாயுவை மட்டும் எரியறை தொட முடியாது. 1 கிலோ எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ வந்தே தீரும்.