கொழும்பில் ட்ரெய்னிங் என்று சொல்லிவிட்டு நிலாவெளிக்கு

கேள்வி: நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கணவர் நுவரெலியாவில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறார். கல்யாணமாகி நான்கு வருடம். இருவரும் தனியாக எங்கேயும் போனதில்லை. வரும் ஓகஸ்ட் விடுமுறையில் ஐந்து நாள் கடற்கரையில் ஓய்வாக இருந்துவிட்டு வரக் காசு சேர்த்திருக்கிறோம். அவர் தெற்கே மிரிஸ்ஸ என்கிறார், நான் திருகோணமலைப் பக்கம் நிலாவெளி என்கிறேன். புறாத்தீவு, டொல்பின் பார்க்கும் போட், கன்னியா வெந்நீரூற்று, கோணேஸ்வரம், மார்பிள் பீச் என்று நாளுக்கொன்றாகப் போட்டு வைத்திருக்கிறேன். இருவருக்கும் நீந்தத் தெரியாது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர், பிரஷருக்கு மருந்து எடுக்கிறார். இவருக்குக் கொழும்பில் ட்ரெய்னிங், நானும் கூடப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டோம், அதனால் வீட்டில் பிரச்சினையில்லை. எந்த இடம் நல்லது, பயணத்தை எப்படி ஒழுங்கு செய்வது?

பதில்: இடத்தைப் பற்றிய கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், தங்கச்சி. நீங்கள் சொல்வதுதான் சரி. ஓகஸ்ட் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். மிரிஸ்ஸ, உனவட்டுன பக்கமெல்லாம் கடல் கொந்தளிக்கும். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் போகும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். அதே காற்று மழையை மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகிக் கிழக்கே போகிறது. கிழக்கில் அதைக் கச்சான் காற்று என்பார்கள். உங்கள் கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற நாளில்தான் நிலாவெளியில் வெயில். ஆகவே நிலாவெளிக்கே போங்கள்.

இனி கடைசிக்கு முந்திய வரிக்கு வருவோம். மற்றதையெல்லாம் கேள்வியாகக் கேட்ட நீங்கள், "அதனால் வீட்டில் பிரச்சினையில்லை" என்பதை மட்டும் முடிந்துபோன காரியம் மாதிரி எழுதிவிட்டீர்கள். உங்கள் பயணத்தில் பிரச்சினை அது ஒன்றுதான்.

ஓய்வு வேண்டும் என்கிறீர்கள். இரவு ஏழு மணிக்கு மாமியார் போன் எடுப்பார். "சாப்பிட்டீங்களா, என்ன சாப்பாடு, எங்க தங்கியிருக்கீங்க" என்று கேட்பார். பின்னால் அலைச் சத்தம். அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இல்லாத கன்டீனில் இல்லாத சோற்றைச் சாப்பிட்டதாகச் சொல்ல வேண்டும். மறுநாள், முதல்நாள் சொன்னதற்குப் பிசகாமல் இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் எடுக்காவிட்டால், நாமே எடுக்கலாமா, எடுத்தால் சந்தேகம் வருமா என்று இருவரும் கடற்கரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பீர்கள். ஐந்து நாளும் இதுவே வேலையாகிவிடும். திரும்பி வரும்போது மூக்குத் தோல் உரிந்திருக்கும், கையும் கழுத்தும் கறுத்திருக்கும். காலமெல்லாம் மலையில் வெயிலில் நின்று கொழுந்தெடுத்த பெண்ணுக்கு, ஏ.சி. அறையில் இருந்து வந்த தோல் எது, வெயிலில் கிடந்து வந்த தோல் எது என்று தெரியாதா?

அவர் கண்டுபிடிக்காவிட்டாலும் ஊர் சொல்லும். உங்கள் பாடசாலைப் பிள்ளை ஒன்றின் மாமா நிலாவெளியில் ஹோட்டல் வேலை செய்வார், இல்லையென்றால் யாராவது ஒரு படத்தை பேஸ்புக்கில் போடுவார்கள். மறுநாள் காலை பீலியடியில் குடம் நிறைவதற்குள் செய்தி டிவிஷன் முழுக்கப் போய்விடும். அன்றைக்குப் பழி யார் மேல் விழும் என்று நினைக்கிறீர்கள்? "என் மகனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, வந்தவள்தான் பழக்கினாள்." பெற்ற மகனை ஒரு வாரத்தில் மன்னித்துவிடுவார். நீங்கள் அதைப் பத்து வருடம் கேட்பீர்கள். உங்கள் கணவர் இதை யோசித்துப் பார்த்தாரா?

நீங்கள் போடுகிற இடங்களைப் பாருங்கள். கோணேஸ்வரத்தில் இராவணன் வெட்டு என்று ஒரு பாறைப் பிளவைக் காட்டுவார்கள். நோயில் கிடந்த தாய் கும்பிடுவதற்காக அந்தக் கோயிலையே பெயர்த்துக் கொண்டுபோக இராவணன் பாறையை வெட்டினான் என்பது கதை. கன்னியாவின் ஏழு கிணறுகளும் அதே தாய்க்கு இறுதிக் கிரியை செய்ய அவன் உண்டாக்கியவை என்பார்கள். இன்றைக்கும் தாய் தகப்பனுக்கு அந்தியேட்டி செய்யச் சனம் அங்கே வருகிறது. இந்த இரண்டு இடத்திலும் உங்கள் கணவர் போய் நிற்கப்போகிறார், அவரைப் பெற்றவர் அவர் கொழும்பில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கப்போகிறார். கோயிலில் தருகிற திருநீற்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க முடியாது. பையின் அடியில் ஒளித்து வைப்பீர்களா?

மாமியாரையும் கூட்டிப் போங்கள் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லமாட்டேன். இந்தப் பயணம் உங்கள் இருவருக்கும் மட்டும்தான். புருஷனும் பெண்சாதியும் தனியாக நாலு நாள் போய் இருப்பது களவு இல்லை, யாரிடமும் அனுமதி கேட்கிற விஷயமும் இல்லை. லயத்தில் ஒரே காம்பராவில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்திய தலைமுறை அவருடையது. தனியாக ஒரு மூலை கிடைக்காத கஷ்டம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று நீங்கள் இருவரும் முடிவு கட்டியதுதான் எனக்குக் கோபம். அனுமதி வேறு, தகவல் வேறு. பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்திருப்பது ஒரு தாயின் உரிமை.

சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் அல்ல, நீங்கள் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். இந்தக் கிழமையே, சாப்பாடு முடிந்து அவர் ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லட்டும்: "அம்மா, ட்ரெய்னிங் என்று சொன்னது பொய். நாங்க ரெண்டு பேரும் திருகோணமலைக்குப் போறோம். நான்தான் சொல்லப் பயந்தேன்." கடைசி வசனத்தை விட்டுவிடக்கூடாது, உங்களைக் காப்பாற்றுவது அதுதான். "காசு கொட்டிக் கிடக்கா?" என்று அவர் கேட்கலாம். கேட்கட்டும். ஒரு நாள் முகம் தூக்கி வைத்திருப்பார். இரண்டாம் நாள் எத்தனை மணிக்கு பஸ் என்று விசாரிப்பார்.

போகுமுன் வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். ஐந்து நாளுக்கு ஏழு நாள் மருந்தை எண்ணி, காலை மாலை என்று பிரித்து உறைகளில் போடுங்கள். கிளினிக் நாள் அந்தக் கிழமையில் விழுகிறதா என்று கொப்பியைப் பாருங்கள். விழுந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இரவில் துணைக்குப் படுக்க ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். உங்கள் இருவரின் நம்பர், தங்குமிடத்தின் நம்பர், அம்புலன்ஸுக்கு 1990, இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கொழும்பு என்று பொய் சொல்லியிருந்தால் தங்குமிடத்தின் நம்பரை எப்படி ஒட்டியிருப்பீர்கள்?

நீந்தத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீந்தத் தெரியாத இருவர், எங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்கும் சொல்லாமல் கடலுக்குப் போவதை நான் எப்படி ஏற்பேன்? நிலாவெளிக் கடற்கரை கிழக்கைப் பார்த்தது. கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் கரையோரத் தண்ணீர் அலையில்லாமல் குளம் மாதிரித் தெரியும், அங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். காற்றடைத்த டியூபிலோ மெத்தையிலோ ஏறிப் படுத்தால், கண்ணை மூடித் திறப்பதற்குள் காற்று உங்களை வெளியே தள்ளிவிடும். இறங்கினால் ஆழம், கையால் துடுப்புப் போட்டுக் காற்றை எதிர்க்க முடியாது. டியூப் வாடகைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள். பொழுது பட்ட பிறகு இறங்கவே வேண்டாம்.

புறாத்தீவுக்குப் போங்கள், அதை மட்டும் விடாதீர்கள். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம், 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட் வேறு, போட் கூலி வேறு. உள்ளூர் ஆட்களுக்கு டிக்கட் மலிவு, அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். போட் கூலியை ஏறுமுன் பேசுங்கள். காலையில் முதல் போட்டில் போங்கள், கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருக்கும், சனமும் குறைவு.

லைஃப் ஜாக்கெட்டை வாங்கியவுடன் போட்டுப் பாருங்கள். எல்லாக் கொக்கியையும் மாட்டி இறுக்கிய பிறகு, கணவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, வேறு கேளுங்கள். தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடியைப் பட்டி மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள், கை எடுத்தாலும் ஒட்டி நின்றால் சரியான அளவு. ஓரத்தில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் உள்ளே வரும், மீசை இருந்தாலும் வரும். கண்ணாடியின் உட்புறத்தில் எச்சிலைத் தடவி ஒருமுறை அலசினால் புகை படியாது. குழாயை வாயில் வைத்து மூச்சு விடுவதை முதல்நாளே அறையில் ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து இரண்டு நிமிடம் பழகுங்கள். பழகாதவர்கள் கடலில் முதல் மூச்சிலேயே பயந்து எழுந்து நிற்கப் பார்ப்பார்கள், நிற்பது பவளப்பாறை மேல். பாறையும் உடையும், காலும் கிழியும், பவளம் கீறிய காயம் லேசில் ஆறாது. நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவ வேண்டும். கரையிலும் உடைந்த பவளத் துண்டுகள்தான், ரப்பர் அடிச் சப்பாத்துப் போடுங்கள்.

மிதக்கும்போது முகம் கீழே, முதுகு வெயிலுக்கு. தண்ணீரின் குளிர்ச்சியில் சுடுவது தெரியாது, இரவில்தான் படுக்க முடியாமல் எரியும். கை நீளமான டீ-ஷர்ட்டோடு இறங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சன் கிறீம் இரண்டு விரல் நீளம், போட் ஏறுவதற்கு இருபது நிமிடம் முன், பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஹட்டன் குளிருக்குப் பழகிய உடம்பு, அங்கே சூடு 35 பாகைவரை போகும். நாளுக்கு ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் குடியுங்கள், பையில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள், ஜீவனி, நாலு பக்கற் இருக்கட்டும்.

உங்கள் பட்டியலில் ஒரு கணக்குப் பிழையும் இருக்கிறது. ஐந்து நாள் என்றால் முதல் நாளும் கடைசி நாளும் பஸ்ஸில் போய்விடும். கண்டியிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 180 கிலோமீற்றர், அதற்கு முன் ஹட்டனிலிருந்து கண்டி, பிறகு நிலாவெளி. விடியற்காலையில் புறப்படுங்கள், ஹபரணைக்கு அப்பால் இருட்டில் யானை வரும் பாதை. கண்டிப் பெரஹரா ஊர்வலமும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான், கண்டியில் நெரிசலாக இருக்கும், திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீதி மூன்று நாளுக்குள் ஐந்து இடத்தைத் திணித்தால், பாடசாலைச் சுற்றுலா மாதிரி ஓடித் திரிவீர்கள். டொல்பினை வெட்டுங்கள், சின்ன போட்டில் நடுக்கடலில் மணித்தியாலக் கணக்காக ஆடுவது நீந்தத் தெரியாத உங்களுக்கு வேண்டாம். மார்பிள் பீச்சையும் வெட்டுங்கள், இருக்கிற கடற்கரை போதும். இரண்டாம் நாள் எங்கேயும் போகாமல் இருங்கள். மூன்றாம் நாள் புறாத்தீவு, மத்தியானத்துக்குள் திரும்பி வந்து தூங்குங்கள். நாலாம் நாள் விடிய கன்னியா, கிணறுகள் சிறியவை, வாளியால் அள்ளி ஊற்றுவதுதான், ஒரு மணித்தியாலம் போதும். பின்னேரம் கோணேஸ்வரம். கணவருக்கு வேட்டி எடுத்து வையுங்கள், அரைக் காற்சட்டையோடு வரவேண்டாம். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டைக்குள் மான்கள் உலாவும், அவற்றுக்குத் தீனி போடாதீர்கள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும், இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று கணவர் தாய்க்கு போன் எடுக்கட்டும். அலைச் சத்தம் கேட்டால் கேட்கட்டும். திருநீற்றைக் கடதாசியில் மடித்து, வியர்வை படாதபடி தனிப் பையில் வையுங்கள். ஊருக்கு வாங்கிப் போக எல்லோரும் கருவாட்டைத்தான் தேடுவார்கள். மாமியாருக்குப் பிரஷர் இருப்பதால் உப்புக் கருவாடு வேண்டாம், பனங்கட்டி ஒரு குட்டான் வாங்குங்கள்.