ஆன்டிகனிக்கு எதற்குச் சரிகை?

தில்லி தேசிய நாடகப் பள்ளியின் முதற்கட்டத் தேர்வுக்கு மகள் தயாராகிறாள், கிரேக்க நாடக நாயகி ஆன்டிகனியின் வசனத்துக்காகச் சரிகை வைத்த வெள்ளை அங்கியை வாடகைக்குப் பார்த்திருக்கிறோம், மூவாயிரம் கேட்கிறார்கள், எடுக்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். "இந்தக் காசை எம்.பி.ஏ.வுக்குப் போடு" என்று அவளுடைய பெரியப்பா சொல்வதையும் சேர்த்து.

அங்கி வேண்டாம் அம்மா. எம்.பி.ஏ.வும் வேண்டாம். கல்லூரி மூன்று வருடமும் நாடகமே கதியென்று கிடந்த பெண்ணை, லட்சங்கள் கட்டிப் பிடிக்காத வகுப்பில் உட்கார வைப்பதுதான் வீண்செலவு. நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் மாணவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். இடங்கள் குறைவு, கிடைக்காமலும் போகலாம். அதற்கு அங்கி கைகொடுக்காது.

ஆன்டிகனி யார்? அண்ணனின் பிணத்தின்மேல் தன் கையால் மண்ணைத் தூவிவிட்டு, காவலனிடம் பிடிபட்டு, அந்த அடக்கத்துக்குத் தடை போட்ட மன்னன் கிரேயோன் முன் நிற்பவள். அவளுக்கு எதற்குச் சரிகை? அதோடு, தேர்வாளர்கள் பாதியில் நிறுத்தி, "இதையே தரையில் படுத்தபடி சொல்" என்றும் கேட்கலாம். தோளில் ஊக்கு குத்திய அங்கி கையைத் தூக்கினால் நழுவும். அவள் கை ஊக்குக்குப் போகும். பார்ப்பவர் கண்ணும் அங்கேயே போகும்.

யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது: சேலைக்குள் கட்டும் பருத்திப் பாவாடை. கொஞ்சம் கனமான துணியில், ஆறு துண்டு வெட்டித் தைத்தது. கீழ்ச்சுற்று இரண்டரை மீட்டர் இருந்தால் முழு அடி வைத்து நடக்கலாம். குறைந்தால் அடி சுருங்கும், மண்டியிடும்போது முட்டி துணியை மிதிக்கும். விளிம்பு கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை மேலே. துணியின் கனம் நடையை நிதானமாக்கும், திரும்பும்போது வீச்சு தெரியும். ஜீன்ஸில் இது வராது. உள்ளே கறுப்பு லெக்கின்ஸ் இருந்தால் படுக்கவும் உருளவும் கூச்சமில்லை. நாடாதான் வேண்டும், முழு மூச்சு இழுத்த பிறகும் இரண்டு விரல் நுழைய வேண்டும். இறுக்கிக் கட்டினால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும், நீண்ட வாக்கியங்களின் கடைசிச் சொல் விழுங்கப்படும்.

மேலே, முழங்கை வரை கை வைத்த, பூவோ எழுத்தோ இல்லாத குட்டைக் குர்த்தி. கறுப்புத் திரை முன் கறுப்பு காணாமல் போகும், வெள்ளைச் சுவர் முன் வெள்ளை. சாம்பல் நிறத்தில் வியர்வை அப்பட்டமாகத் தெரியும். அரக்கோ கருநீலமோ அவள் எடுக்கட்டும். அத்தைகளின் ராசி நிறம் இதில் வேண்டாம்.

துப்பட்டா கிடையாது, கை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். வளையல், கொலுசு கழற்றியாக வேண்டும். புருவம் தெரியத் தலையை இழுத்துப் பின்னிவிடுங்கள். வெறுங்கால். இரண்டாவது வசனம் நவீன நாடகமாக இருந்தால் பாவாடையை மட்டும் கழற்றினால் போதும், அரை நிமிட வேலை.

புதுத்துணி கஞ்சியோடு சரசரக்கும். இரண்டு தடவை துவைத்து, பத்து நாளாவது அதிலேயே ஒத்திகை பார்க்கட்டும். பத்தடி தள்ளி நின்று நீங்களே பாருங்கள்: தரையில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், படுக்கச் சொல்லுங்கள். கை ஒரு தடவை துணியைச் சரிசெய்யப் போனாலும் அந்தத் துணியை மாற்றுங்கள். பையில் இன்னொரு குர்த்தியும் மாற்று நாடாவும் இருக்கட்டும்.

உங்கள் பீரோவிலேயே பழைய பாவாடை இருந்தால் தையல்கூலியும் மிச்சம்.